பாய் தூக்கும் காட்சி

அந்தப் பன்றி யாருடையது என்று லெபேக்கா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. ஃபாலேலூவா என்கிற தீவு ஊரில் ஒரு கோழிக்குஞ்சு வண்டிச் சக்கரத்தில் மாட்டினால்கூடப் பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரி அதன் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வண்டிக்காரன் வாசலில் வந்து நிற்பாள். அப்படிப்பட்ட ஊரில், விடிவதற்கு முன்னால் சாலை வளைவில் குறுக்கே ஒரு பன்றி ஓடிவந்ததாம். அதன்மேல் ஏற்றக்கூடாதென்று ஸ்டியரிங்கை ஒடிக்கப் போய் மானுலேலேயின் கிழங்கு வண்டி கருங்கல் சுவரில் மோதியதாம். அதில் லெபேக்காவின் மகன் இசாக்கோ, பத்தொன்பது வயசுப் பிள்ளை, செத்துப்போனான். வண்டி ஓட்டிய, மானுலேலேயின் வேலையாள் செமிசி நெற்றியில் நாலு தையலோடு பிழைத்தான். பன்றி எந்தத் திக்கில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அவுத்துவிட்ட பன்னிக்கு ஊர்ச்சபை தண்டம் போடும். எவ ஒத்துக்குவா என்னுதுன்னு?" என்பாள் பக்கத்து வீட்டு லூசியா.

"அந்த வளைவுல பன்னி திங்கறதுக்கு என்னடி இருக்கு? எரிமலைக் கொழம்பு ஓடி ஒறஞ்சுபோன கல்லு. ஒரு கெழங்கு மொளைக்குமா, ஒரு புழு கெடைக்குமா? வேலை மெனக்கெட்டு அங்க வர, பன்னிக்கு என்ன பைத்தியமா?"

"உனக்குத்தான் பைத்தியம்."

"இருந்துட்டுப் போகட்டும்."

சாவு நடந்த மூன்றாம் நாள் விடியலில் செமிசியின் ஆட்கள் முறைப்படி வந்தார்கள். வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைக்குமேல் மெல்லிய தாழம்பாயைப் போர்த்திக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தார்கள். பறிகொடுத்த வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் வெயிலோ மழையோ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லெபேக்கா உள்ளே பிள்ளையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள். குடும்பத் தலைவர் மானுலேலே, அவள் புருஷனுக்கு அண்ணன், வெளியே போய்ப் பாயைத் தூக்கிவிட்டார். அடுப்பில் வைத்த கோக்கோ கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்ட்டிலும் பாய் தூக்கியாயிற்றா என்று விசாரித்துவிட்டு செமிசியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போயிருந்த அவள் புருஷன் வந்து பத்து நாள் அழுதான். "அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விட்டான்.

அதிலிருந்து லெபேக்காவுக்குச் சந்தேகம் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. யாராவது சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்பாள். சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறான் என்பாள். பாதிரியார் அவள் கிழங்கு நன்றாக இருக்கிறது என்றால், போன வாரம் சொல்லாதவர் இந்த வாரம் ஏன் சொல்கிறார் என்று திங்கட்கிழமை வரை யோசிப்பாள். செமிசியோ அவளைத் தூரத்தில் கண்டாலே தென்னந்தோப்புக்குள் திரும்பிவிடுவான்.

அப்படி இருக்கிறபோதுதான் குறும்படம் எடுக்கச் சொல்லித் தருகிறோம் என்று ஆக்லாந்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் இரண்டே பேர். திரேசா என்கிற நெடுநெடுவென்ற பெண், கெலே என்கிற கேமராக்காரன். இருவருக்கும் அப்பன் ஆத்தாள் இந்தத் தீவுக்காரர்கள்தான். பிறந்தது வளர்ந்தது அங்கே. கோயில் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து நாலு நாள் பாடம் நடத்தினார்கள். தூரத்துக் காட்சி, பாதிக் காட்சி, முகத்துக்குக் கிட்டே போய் எடுக்கும் காட்சி. ஒலி பிடிக்கிறபோது இருமக்கூடாது. கட் சொல்கிறவரை யாரும் நகரக்கூடாது. கடைசியில் பத்து நிமிஷப் படம் ஒன்று எல்லாருமாகச் சேர்ந்து எடுப்பதாக ஏற்பாடு.

ஐந்தாம் நாள் காலையில் திரேசா லெபேக்காவின் வீட்டுக்கு வந்தாள். லெபேக்கா தாழை ஓலையைக் கிழித்து நார் எடுத்துக்கொண்டிருந்தாள். சுவரில்லாத வீடு, தூணுக்குத் தூண் காற்று. வந்தவளை உட்கார் என்று சொல்வதற்கு முன்னால் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள்.

"எங்க படத்துல நீங்க அம்மாவா நடிக்கணும்க்கா" என்றாள் திரேசா. ஆக்லாந்துக்காரர்கள் பேசுகிற மாதிரி வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"ஊர்ல வேற அம்மா இல்லையா?"

"உங்க முகம் புடிச்சிருந்துச்சு. கோயில்ல பாத்தேன்."

"என் மொகத்த எனக்கே புடிக்கல. யாரு சொல்லி வந்த?"

"யாரும் சொல்லலக்கா."

"கதை என்ன?"

"ஒரு அம்மா. அவங்க பையன் செத்துடுறான். சாவுக்குக் காரணமானவன் பாயைப் போத்திக்கிட்டு வந்து வாசல்ல உக்காருறான். அந்த அம்மா வந்து பாயைத் தூக்குறாங்க. அவ்வளவுதான்."

லெபேக்காவின் கை நின்றுவிட்டது. "பையன் எப்படிச் செத்தான்?"

"படகு கவுந்து."

"யாரு கவுத்தா?"

"அலைக்கா. பெரிய அலை வந்து..."

"அலைன்னு யாரு சொன்னா?"

திரேசா விழித்தாள். "கதைதானேக்கா. நான்தான் எழுதினேன்."

"படகுல ரெண்டு பேரு போனா ஒருத்தன்தான் திரும்பி வந்திருப்பான். அவன் சொன்னதுதானே அலை? நீ பாத்தியா?"

பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள் திரேசா. நல்ல வசனமாக இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. லெபேக்கா அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"பாயை ஆம்பளைதான் தூக்குவான். குடும்பத் தலைவன். பொம்பளை தூக்கற வழக்கம் எங்க இருக்கு? உங்க ஆத்தா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?"

திரேசாவின் முகம் சிவந்துபோயிற்று. "அது எனக்குத் தெரியலக்கா. மானுலேலே ஐயாவக் கேட்டேன். படம்தானே, யாரு தூக்கினா என்னன்னாரு. நீங்க நடிச்சா நல்லதுன்னும் சொன்னாரு."

இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள் லெபேக்கா. யாரும் சொல்லவில்லை என்றவள் வாயிலிருந்தே மானுலேலே வந்துவிட்டார். அன்று தான் தூக்கியது போதாதென்று, இவளும் தூக்கிவிட்டாள் என்று படம் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். நாளைக்கு அவள் பன்றியைப் பற்றி வாயெடுத்தால், நீயே தூக்கினாயே, ஊரே பார்த்ததே என்பார்கள்.

"வர்றேன்" என்றாள்.

சாயங்காலம் லூசியா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இம்புட்டு சந்தேகத்தையும் வச்சுக்கிட்டு எதுக்குடி ஒத்துக்கிட்ட?"

"எவன் ஆட்டத்த ஆடறான்னு வெளிய நின்னா தெரியுமா? உள்ள போனாத்தான் தெரியும்."

மறுநாள் லெபேக்காவின் வாசலிலேயே படப்பிடிப்பு தொடங்கியது. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. சீமைப்பலா மரத்து நிழலில் மானுலேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சட்டைக்கு மேல் விசிறியை ஆட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். படத்துக்கு வேண்டிய பாயை அவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். விரித்ததும் லெபேக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பட்டுத்துணி மாதிரி மெல்லிசு, ஓரத்தில் சிவப்பு இறகு, ஒரு மூலையில் பின்னல் நெருக்கம் தவறியிருக்கும். செமிசியின் ஆத்தாள் பின்னிய பாய். இசாக்கோ சாவுக்கு வந்து, தூக்கியவர் வீட்டுக்குப் போன அதே பாய்.

"வேற பாய் கெடைக்கலையாக்கும்" என்றாள் மரத்தடியைப் பார்த்து.

"இது நல்ல பாயி லெபேக்கா. படத்துல எடுப்பா இருக்கும்" என்றார் மானுலேலே.

"அன்னைக்கும் நல்ல பாயாத்தான் இருந்துச்சு."

விசிறி ஒரு கணம் நின்று, மறுபடி ஆடத் தொடங்கியது.

முதலில் தூரத்துக் காட்சி. பள்ளிக்கூட வாத்தியார் ஃபிட்டு பாய்க்குக் கீழே உட்கார்ந்தார். லெபேக்கா வீட்டுக்குள் பாய் பின்னிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு எழுந்து வந்து தூக்க வேண்டும். தூக்கினாள். கீழே வாத்தியார் தும்மினார். திரேசா கட் என்றாள்.

"இன்னொரு தடவை. அக்கா, இப்பப் பின்னின நாலு வரிசையப் பிரிச்சிருங்க."

"எதைப் பிரிக்க?"

"பின்னல் முன்ன இருந்த மாதிரியே இருக்கணும். இல்லன்னா ஒரு காட்சியில கம்மியாவும் அடுத்ததுல அதிகமாவும் தெரியும். பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வந்துரும்."

"வந்தா வரட்டுமே" என்று முனகிக்கொண்டே லெபேக்கா பிரித்தாள். நாலு வரிசை என்றாலும் வேலை வேலைதான். இந்த ஊரில் பின்னியதைப் பிரிக்கச் சொன்னவளை அவள் இதுவரை கண்டதில்லை. இரண்டாவது தடவை வாத்தியார் தும்மவில்லை; அவள் பாயைத் தூக்கியதும் பல்லைக் காட்டினார். அதையும் எடுத்தாயிற்று.

"இப்பப் பக்கத்திலேருந்து" என்றாள் திரேசா.

"அதையேவா?"

"அதையேதான். தூரத்துலேருந்து, பக்கத்துலேருந்து, முகத்துக்குக் கிட்ட. மூணையும் வெட்டி ஒட்டினா நெசமா நடந்த மாதிரியே இருக்கும்."

"ஒரு பொய்ய மூணு பக்கத்துலேருந்து சொன்னா நெசமாயிடும்னு சொல்லு. எங்க ஊர்லயும் அப்படித்தான்."

கெலே சிரித்துவிட்டான். லெபேக்கா சிரிக்கவில்லை. அவள் கேமராவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் பிடித்துக்கொண்டிருக்கிறது, அணைந்தால் சும்மா இருக்கிறது என்று காலையிலேயே தெரிந்துகொண்டாள். கட் சொன்ன பிறகும் அணைகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். அணைந்தது. அதிலும் ஏதோ சூது இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பத்தரை மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது. ஃபிட்டு வாத்தியார் எழுந்து இடுப்பில் சுற்றிய லாவலாவாத் துணியை உதறிக் கட்டிக்கொண்டார். "எனக்கு வகுப்பு இருக்கும்மா. பசங்க ஜன்னல ஒடச்சிருவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பரவால்ல. இனி அக்கா முகம் மட்டும்தான். பாய்க்குக் கீழ யாராவது உக்காருங்க, மேடாத் தெரிஞ்சாப் போதும்" என்று திரேசா வேடிக்கை பார்க்க வந்த கும்பலைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது லெபேக்கா உள்ளே ஓலைத் தட்டி மறைவில் இருந்தாள். லூசியா அவள் முகத்து வேர்வையைத் துடைத்து, தலைமுடியை முன்பிருந்த மாதிரியே அள்ளிச் செருகிக்கொண்டிருந்தாள். தென்னந்தோப்பின் ஓரத்திலிருந்து ஒருவன் வந்து பாய்க்குள் புகுந்ததை இருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, இந்தத் தடவை தூக்க வேணாம். வந்து நில்லுங்க. பாயைப் பாருங்க. என்ன தோணுதோ அதை முகத்துல விடுங்க. நான் கட் சொல்றவரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க."

லெபேக்கா வந்து நின்றாள். கேமரா பாய்க்குப் பக்கவாட்டில், அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பாயைப் பார்த்தாள். அந்த மூலையில் பின்னல் தவறியிருந்தது. செமிசியின் ஆத்தாள் எந்த வேதனையில் அதைப் பின்னினாளோ என்று முதல் தடவையாக ஒரு நினைப்பு வந்தது; வந்ததும் அதன்மேல் கோபமும் வந்தது. வாத்தியார் கீழே இருந்தபோது பாய் ஆடவில்லை. இப்போது ஓரத்து இறகுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காற்று இல்லை.

"கட்" என்றாள் திரேசா. "ரொம்ப நல்லாருந்துச்சுக்கா. எழுந்திருங்கண்ணே, முடிஞ்சது."

பாய் அசையவில்லை.

"அண்ணே, கட் சொல்லிட்டேன். எழுந்திருக்கலாம்."

பாய் அப்படியே இருந்தது.  லூசியா வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரது?" என்றாள் லெபேக்கா.

"நான்தான் அத்தை. செமிசி."

  லெபேக்கா திரேசாவைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கையில் தாளோடு நின்றாள். கேமராவைப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது.

"அந்த வெளக்க அணை."

"கெலே, அணை" என்றாள் திரேசா. அணைந்தது. லெபேக்கா அருகே போய்க் குனிந்து பார்த்து, கறுப்பு மூடியை எடுத்துக் கண்ணாடிமேல் அவளே போட்டாள். ஒலி பிடிக்கிற நீளக் கம்பையும் கீழே போடச் சொன்னாள்.

"ஏலே செமிசி, எழுந்து போ" என்றார் மரத்தடியிலிருந்து மானுலேலே. "படம் எடுக்கற எடத்துல என்ன கூத்து இது? ஒன் விவகாரம் எப்பவோ முடிஞ்சாச்சு. நான் தூக்கியாச்சு."

"நீங்க தூக்கினீங்க. அத்தை தூக்கல" என்றது பாய்க்குக் கீழேயிருந்த குரல். "இந்தப் படத்துல அம்மாதான் தூக்கறாங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

"யாரு அனுப்பினா உன்ன?" என்றாள் லெபேக்கா.

"யாரும் அனுப்பல."

"ரெண்டு வருஷமா என்னைக் கண்டா ஓடறவன், இன்னைக்கு யாரும் அனுப்பாமயா வந்து உக்காந்துட்ட?"

"மொகத்தைப் பாத்துச் சொல்ல முடியல அத்தை. இதுக்குள்ள இருந்தா முடியும்னு தோணுச்சு."

லெபேக்கா பாய்க்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்டுவிட்டால் இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்றது கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"பன்னி யாருது?"

"பன்னி இல்ல அத்தை."

யாரோ இருமினார்கள். லெபேக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். "சொல்லு."

"தூங்கிட்டேன். அதுக்கு முன்ன ரெண்டு ராத்திரி கெழங்கு வெட்டி மூட்டை கட்டினோம், நானும் இசாக்கோவும். கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. என்னால ஓட்ட முடியாது, விடிஞ்சதும் போறேன்னு சொன்னேன். கப்பல் போயிரும், கெழங்கு அழுகிடும், கெளம்புன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

 கும்பலில் ஒவ்வொரு தலையாக மரத்தடிப் பக்கம் திரும்பியது. வண்டி யாருடையது, கிழங்கு யாருடையது என்று ஊருக்குத் தெரியாதா என்ன.

"இசாக்கோ?" என்றாள் லெபேக்கா. 

"அவனும் தூங்கிட்டுத்தான் இருந்தான். என் தோள்ல சாஞ்சு. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. பயந்திருக்க மாட்டான். கூப்பிடல. ஒண்ணும் கத்தல."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் அவள் பிள்ளை அந்த வளைவில் அம்மா என்று கத்திக்கொண்டிருந்தான். இப்போது கத்தவில்லை என்கிறான் இவன். இவனை நம்பலாமா என்று வழக்கம்போல் மனம் கேட்டது. நம்பலாம் என்று வந்த பதிலைக் கண்டு அவளே ஆச்சரியப்பட்டாள். லாவலாவாவின் ஓரத்தைத் தூக்கி முகத்தை மூடி அழுதாள். லூசியா வரப்பார்த்தாள், வராதே என்று கைகாட்டினாள்.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தாள்.

"பாயைத் தூக்கினீங்களே மானுலேலே, அன்னைக்கு உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். "பையன் ஜெயிலுக்குப் போயிருவானேன்னு பாத்தேன்."

"நான் அதக் கேக்கல."

"தெரியும்."

"பன்னி?"

 "நான்தான் சொல்லச் சொன்னேன்."

"அப்ப மன்னிப்பு கேக்க வந்தவனும் உங்க ஆளு, மன்னிச்சவரும் நீங்க. நான் எதுக்குய்யா உள்ள கெடந்தேன்? பொணத்துக்குத் தொணையாவா?"

ஃபாலேலூவாவில் குடும்பத் தலைவரிடம் ஒரு பெண்பிள்ளை அப்படிக் கேட்டு யாரும் கேட்டதில்லை. கோபத்தில் எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லெபேக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெயிலில் நடந்து வந்தார். பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். தூக்கி அவனை விடப்போகிறார், பழையபடி தானே தூக்கப்போகிறார் என்று லெபேக்கா வாயைத் திறந்தாள். ஆனால் அவர் குனிந்து, செமிசிக்குப் பக்கத்தில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓரத்தைத் தன் தலைமேல் விட்டுக்கொண்டார். அவருடைய வயிற்றுக்கும் தோளுக்கும் பாய் போதவில்லை. வெள்ளைச் சட்டையின் முதுகு வெளியே தெரிந்தது.

கெலேயின் கை தன்னையறியாமல் கேமராவின் மூடிக்குப் போனது. திரேசா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

லெபேக்கா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இதிலும் ஏதாவது சூது இருக்குமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஊர் பார்க்க உட்கார்ந்தால் ஊர் மெச்சும் என்றா? இருக்கலாம். முட்டிவலிக்காரர் மண்ணில் உட்கார்ந்திருக்கிறாரே, அது நிஜம்தானே? அதுவும் இருக்கலாம். படக்காரர்களுக்காகச் சுடுகல்லில் வைத்த கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் வெந்து மணம் வந்தது. எடுத்துப் பரிமாற ஒருவரும் நகரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. பாய்க்குக் கீழே செமிசி ஒரு தடவை விசும்பினான். பெரியவரின் மூச்சு இரைத்தது.

பிறகு அவள் எழுந்தாள். பாயின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். செமிசியின் முகம் வேர்வையிலும் கண்ணீரிலும் ஊறிப்போயிருந்தது; நெற்றித் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு இளைத்துவிட்டானா என்று நினைத்தாள். மானுலேலே கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவள் செமிசியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி வெளியே இழுத்தாள். கால் மரத்துப்போய் அவன் அவள்மேலேயே சாய்ந்தான். தாங்கிப் பிடித்து நிறுத்தினாள்.

அவனை நிறுத்திவிட்டு, பாயை மானுலேலேயின் தலைமேல் மறுபடி போட்டாள். இப்போது ஒருவருக்குப் பாய் போதுமானதாக இருந்தது. முதுகு தெரியாதபடி பின்பக்கம் இழுத்துவிட்டாள்.

"கெழங்கு வெந்திருக்கும், வா" என்று செமிசியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

லூசியா பின்னாலேயே ஓடிவந்து கிசுகிசுத்தாள். "அடியே, அவரு?"

"அவரு உக்காந்திருக்கட்டும். நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல" என்றாள் லெபேக்கா.